வென்றவர் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

1960 செப்டம்பர் 6. ரோம் ஒலிம்பிக்கில் ஆண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் ஓடிஸ் டேவிஸும் ஜெர்மனியின் கார்ல் காஃப்மனும் ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் டேவிஸுக்கு என்று முடிவானது. இருவருக்கும் 44.9 விநாடி, உலக சாதனை. அதுவரை அந்தத் தூரத்தை 45 விநாடிக்குள் ஓடியவர் யாருமே கிடையாது. மூன்றாவதாகத் தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் வந்தார். நான்காவது, மில்கா சிங்.

டேவிஸின் கதை லேசுப்பட்டதல்ல. கூடைப்பந்து ஆட ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 26 வயதில்தான் ஓட்டப் பக்கம் திரும்பினார். இரண்டே ஆண்டில் ஒலிம்பிக் தங்கம். அதே ரோமில் தொடர் ஓட்டத்திலும் இன்னொரு தங்கம். இருந்தும், தடகளம் பார்க்கிற வட்டத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் அமெரிக்காவிலேயே குறைவு. மில்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 18 அன்று அவர் இறந்தபோது இந்தியா முழுக்கத் துக்கம். ஓட்டப் பந்தயத்தையே பார்க்காத வீடுகளில்கூட அவர் பெயர் தெரிந்திருந்தது. முதலாவதாக வந்தவர் மங்கிப்போனார், நான்காவதாக வந்தவர் நிலைத்துவிட்டார். அப்படியானால் ஒரு விளையாட்டு வீரரின் புகழை எது காப்பாற்றுகிறது?

காலம் எல்லாவற்றையும் அழிக்கும் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் காலம் எல்லாரையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள, மில்காவுக்கு எட்டு ஆண்டுகள் முன்னால் இதே ஒலிம்பிக்கில் பதக்கமே வாங்கிய ஒருவரிடம் போக வேண்டும்.

கோலேஷ்வரிலிருந்து ஹெல்சின்கிக்கு

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டம், கராட் அருகே கோலேஷ்வர் என்ற சிற்றூர். 1926-இல் அங்கே பிறந்தவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். மல்யுத்தம் குடும்பத்திலேயே இருந்தது. ஐந்தரை அடி உயரம், மெலிந்த உடம்பு. பலத்தைவிட வேகமும் பிடியும்தான் அவருடைய வித்தை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃப்ளைவெயிட் பிரிவில் ஆறாவது இடம். அதுவரை மெத்தை விரிப்பிலும் சர்வதேச விதிகளிலும் பழக்கமே இல்லாமல், மண்ணில் மல்லுக்கட்டி வளர்ந்தவருக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த ஒலிம்பிக்குக்கு ஹெல்சின்கி போகப் பணமில்லை. கிராமத்து வீடுகளில் வசூல் செய்தார்கள். அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் கர்டேக்கர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அதற்கு முன், அணியில் இடம் பிடிக்கவே ஒரு போராட்டம். சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டார்கள் என்று ஜாதவ் நம்பினார். பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டு, மறுபோட்டியில் ஜெயித்துத்தான் கப்பலேறும் உரிமையைப் பெற்றார்.

ஹெல்சின்கியில் பாண்டம்வெயிட் பிரிவு. ஜப்பானின் ஷோஹாச்சி இஷியுடன் நெடுநேரம் மல்லுக்கட்டித் தோற்றார். களைத்துக் கிடந்தவரை உடனே சோவியத் வீரருடன் மோதக் கூப்பிட்டார்கள் என்றும், இடையில் ஓய்வு தர விதி இருந்தும் அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவரும் அரங்கில் இல்லை என்றும் சொல்லப்படுகிறது. அப்படியும் வெண்கலம் கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஊர் அவரை மறக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுக்க அவரை அழைத்து வந்ததைக் கராட் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஜாதவும் நன்றி மறக்கவில்லை. மல்யுத்தப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டி, முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

நாடு? அதே ஹெல்சின்கியில் ஹாக்கி அணி தங்கம் வென்றிருந்தது, தொடர்ந்து ஐந்தாவது முறை. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக பல்பீர் சிங் ஒருவரே ஐந்து கோல் போட்டார். பத்திரிகைகளின் பெரிய எழுத்தெல்லாம் அங்கேதான் போனது. ஜாதவ் 1955-இல் மும்பை காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை பத்ம விருதும் இல்லை, அர்ஜுனா விருதும் இல்லை. அர்ஜுனா வந்து சேரும்போது அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜாதவுக்குப் பிறகு 44 ஆண்டுகள் எந்த இந்தியரும் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வெல்லவில்லை. அந்த வறட்சியில் அவர் பெயர் தங்கமாக மின்னியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1996-இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வெண்கலம் வென்ற பிறகுதான் செய்தித்தாள்கள் ஜாதவைத் தேடின. ‘1952-க்குப் பிறகு முதல் முறை’ என்று எழுத வேண்டுமே, அந்த 1952 யார்? 2008-இல் சுஷீல் குமார் மல்யுத்தத்தில் பதக்கம் வென்றபோது மறுபடி ஜாதவ் வந்தார். 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லியில் மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2023 ஜனவரி 15, அவருடைய 97-ஆவது பிறந்தநாளில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்தது.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பேரனைக் கூப்பிடும்போதெல்லாம் தாத்தா ஒரு தரம் நினைவுக்கு வருவார். விளையாட்டிலும் அதேதான் நடக்கிறது. வாரிசு வராத வரை முன்னோர் பெயரைக் கூப்பிட யாருக்கும் வாய்ப்பில்லை.

சொல்பவர் இருந்தால்

மில்காவுக்குக் கிடைத்ததும் ஜாதவுக்குக் கிடைக்காததும் என்னென்ன என்று எண்ணிப் பார்க்கலாம். மில்கா தன் கதையைத் தானே சொல்ல நீண்ட காலம் வாழ்ந்தார். பிரிவினையில் பெற்றோரைப் பறிகொடுத்து அகதியாக வந்த சிறுவன், ராணுவத்தில் ஒரு கோப்பைப் பாலுக்காக ஓடத் தொடங்கியவன், லாகூரில் பாகிஸ்தானின் அப்துல் காலிக்கை முந்தி அந்நாட்டு அதிபர் அயூப் கானிடமிருந்து ‘பறக்கும் சீக்கியர்’ பட்டம் பெற்றவன். கதையிலேயே நாட்டின் காயமும் இருந்தது. ரோமில் நழுவிய பதக்கத்தைப் பற்றி அரை நூற்றாண்டு அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஒலிம்பிக் வரும்போதும் நிருபர்கள் சண்டிகர் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய 400 மீட்டர் தேசிய சாதனை 1998 வரை, 38 ஆண்டுகள் முறியாமல் நின்றது. 2013-இல் அவர் வாழ்க்கை இந்திப் படமாக வந்தது. படமாக்கும் உரிமைக்கு அவர் வாங்கிய தொகை ஒரே ஒரு ரூபாய்.

ஜாதவ் 58 வயதில் போய்விட்டார். தொலைக்காட்சிப் பெட்டி நடுத்தர வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. அவர் குரலைப் பதிவு செய்ய அவகாசமே இல்லாமல் போனது.

இதை ஆராய்ச்சியாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டியன் காண்டியா, சீசர் ஹிடால்கோ உள்ளிட்டோர் 2018 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், பாடல், படம், அறிவியல் கட்டுரை, பிரபலமானவர்களின் வாழ்க்கை வரலாறு ஆகியவற்றின்மேல் உலகம் வைக்கும் கவனம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். கவனம் இரண்டு கட்டமாகச் சரிகிறது. முதலில் வாய்ப்பேச்சில் வாழும் காலம். அதில் சரிவு செங்குத்தானது. பிறகு ஏட்டிலும் படத்திலும் பதிவானது மட்டும் மெல்ல மெல்லக் கரையும் காலம். பாட்டுக்கு அந்த வாய்ப்பேச்சுக் காலம் ஐந்தாறு ஆண்டுதான். மனிதர்களுக்கு 20 முதல் 30 ஆண்டு.

நேரில் பார்த்தவர்கள் பேசுகிற காலம் அது. அவர்கள் ஓய்ந்த பிறகு எழுதி வைத்தது இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பழைய கிரேக்கர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒலிம்பியாவில் வென்றவர்களின் குடும்பங்கள் பிண்டார் போன்ற கவிஞர்களுக்குப் பணம் கொடுத்துப் பாட்டெழுதச் சொன்னார்கள். அந்த வீரர்கள் பலரின் பெயர் 2,500 ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிவது அந்தப் பாட்டுகளால்தான். ஆஸ்திரேலியர்கள் வேறு வழியில் செய்தார்கள். டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. அந்நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் அஞ்சல் பெட்டி எண் 9994.

இரண்டு உலகக் கோப்பைகள்

இனி நம் ஊருக்கு நெருக்கமான ஒரு கணக்கு. 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. இறுதி ஆட்டத்தில் எந்த அணியிலும் அதிக ரன் எடுத்தவர் நம் ஶ்ரீகாந்த், 38. சென்னையில் கிரிக்கெட் பார்க்கிற எந்த வயதுக்காரரும், ஆண்டி ராபர்ட்ஸை அவர் முட்டி போட்டு அடித்த பவுண்டரியை நடித்தே காட்டுவார்.

1975 மார்ச் 15, கோலாலம்பூர். ஹாக்கி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா 2, பாகிஸ்தான் 1. அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கும் நிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது மாற்று வீரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோல் போட்டார். இறுதியில் வெற்றி கோல் அசோக் குமாருடையது. ஹாக்கி மேதை தியான் சந்தின் மகன். அணித் தலைவர் அஜித் பால் சிங். அந்த அணியில் ஒரு சென்னைக்காரரும் இருந்தார், வி.ஜே.பிலிப்ஸ்.

பிலிப்ஸை இன்று சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அண்ணன் வி.ஜே.பீட்டரை? பீட்டர் 1960 ரோமில் வெள்ளி, 1964 டோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோவில் வெண்கலம் வென்றவர். மூன்று நிறத்திலும் ஒலிம்பிக் பதக்கம் வைத்திருந்த மனிதர் ஒருவர் நம் நகரத்துத் தெருக்களில் நடந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு வருத்தமும் கொஞ்சம் கோபமும் சேர்ந்தே வருகிறது.

ஶ்ரீகாந்தின் புகழில் யாருக்கும் குறையில்லை. அவர் அடித்தது நியாயமாகச் சம்பாதித்த புகழ். இரண்டு வெற்றிகளுக்கும் நடுவே இருந்தது எட்டே ஆண்டு, ஆனால் அந்த எட்டு ஆண்டில் தொலைக்காட்சி வந்துவிட்டது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. கோலாலம்பூர் இறுதி ஆட்டம் முடிந்து சரியாக ஐந்து மாதம் கழித்து. அந்த ஆட்டத்தைத் தமிழ்நாடு பார்க்கவில்லை, வானொலியில் கேட்டது. 1982 ஆசியப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது, அடுத்த ஆண்டு லார்ட்ஸ் ஆட்டம் நேரலையாக வீடுகளுக்குள் இறங்கியது. கபில்தேவ் பின்னோக்கி ஓடிப்போய் ரிச்சர்ட்ஸின் கேட்சைப் பிடித்ததை இன்று பிறந்த பிள்ளையும் நாளை பார்க்கலாம்.

தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். 1983-க்கு வாரிசுகள் இருந்தார்கள். டெண்டுல்கர், தோனி, கோலி என்று வரிசை நீண்டது. ஒவ்வொரு வெற்றியும் 1983-ஐத் திரும்பச் சொல்ல வைத்தது. ஹாக்கியில் அந்த வரிசை அறுந்தது. 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி புல்தரையிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறியது. நம்மிடம் பயிற்சிக்கு அப்படியொரு தரை இல்லை. உலக சாம்பியன்கள் ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வந்தது. அதன்பின் 41 ஆண்டு ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கமே இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி வெண்கலம் வென்றார்கள். அன்றைக்குத்தான் பாஸ்கரனின் பெயர் தொலைக்காட்சிகளில் மறுபடி ஓடியது. மறுநாளே கேல் ரத்னா விருதுக்கு தியான் சந்தின் பெயர் சூட்டப்பட்டது. 1979-இல் இறந்த மேதைக்கு, இளையவர்களின் வெண்கலம் வாங்கிக் கொடுத்த மரியாதை.

முறியடித்தால் அழியுமா?

சாதனை முறியடிக்கப்பட்டதும் பழையவர் பெயர் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐத் தொட்டார். மறுநாள் இறுதியில் வெண்கலமும் வென்றார். வித்யாவைப் பற்றி வந்த செய்தி ஒவ்வொன்றிலும் உஷா இருந்தார். 1984-இல் பிறக்காத பிள்ளைகள் அன்றுதான் அந்த நூறில் ஒரு பங்கின் வலியைக் கேள்விப்பட்டார்கள்.

அதே தடை ஓட்டத்தில் 1982 தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றவர் எம்.டி.வல்சம்மா. லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவுடன் தொடர் ஓட்ட இறுதியிலும் ஓடியவர். தங்கம் வென்றவர் ஒதுங்கிப்போக, வெண்கலத்தைத் தவறவிட்ட ஓட்டம் பாடமாகிவிட்டது. இழப்புக்கு வெற்றியைவிட நினைவில் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு போலும். மில்கா, உஷா இருவருமே நான்காவது இடத்தில் வந்தவர்கள்தான்.

யாரும் எட்டிப் பிடிக்காத சாதனைக்கு என்ன ஆகிறது? டென்னிஸில் ராமநாதன் கிருஷ்ணன். தென்காசிக் குடும்பம், நாகர்கோவிலில் பிறப்பு. 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற முதல் ஆசியர். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்திவிட்டு வந்து ராட் லேவரிடம் தோற்றார். இந்திய ஆண் ஒருவர் விம்பிள்டன் ஒற்றையரில் அதற்குப் பிறகு அரையிறுதியைத் தொட்டதே இல்லை. 1966 டேவிஸ் கோப்பையில், கொல்கத்தாவில், பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட் இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு ஜெயித்து நாட்டை முதன்முதலாக இறுதிக்குக் கொண்டுபோனார். மென்மையான தொடுதலால் ஆடியவர் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

காகிதம் எரிந்த ஊர்

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. யாழ். மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 ஹெல்சின்கியிலும் 1956 மெல்பர்னிலும் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசியப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது, ஒரு தமிழரின் கையால். நான்கு ஆண்டு கழித்து ஜகார்த்தாவில் வெள்ளி. பிறகு அமெரிக்காவில் உயர்படிப்பு, கல்விப் பணி. 2024-இல் 89 வயதில் காலமானார்.

அந்தத் தங்கத்தைத் தலைமுறை தாண்டிச் சொல்ல வேண்டிய நாடு இனத்தால் பிளந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. ஓர் ஊரின் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் பாராட்டு விழாக்களும் வெற்றிப் படங்களும் எங்கே இருக்கும்? உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய கட்டுகளில்தானே. அவை போனால் சாட்சியே போய்விடும். அதன்பின் போர் சொந்த ஊர்க்காரர்களையே உலகெங்கும் சிதறடித்தது. இத்தனைக்குப் பிறகும் எதிர்வீரசிங்கத்தின் பெயர் இருக்கிறதென்றால், புலம்பெயர்ந்த தமிழர்களும் அவர் கல்லூரியின் பழைய மாணவர்களும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததே காரணம்.

புகழ் மங்குவதால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. விளையாடினார்கள், வென்றார்கள், அது அவர்கள் காலம் என்பார்கள். நஷ்டம் அந்த வீரர்களுக்கு மட்டுமல்ல. முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்டு, 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். பத்மஸ்ரீ 2018-இல் வந்தது, 46 ஆண்டு தாமதம். அவர் கதை எல்லாப் பள்ளிகளிலும் சொல்லப்பட்டிருந்தால், இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் எத்தனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் குளத்தில் இறங்கியிருப்பார்கள்? நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலுவின் 2016 தங்கத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று மைதானங்களில் கேட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு பெயர் தெரிந்திருப்பது ஒரு பிள்ளைக்குக் கதவு.

2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிய இந்தியா 4-3 என்று வென்றது. அரங்கம் நிரம்பி வழிந்தது. கோலாலம்பூர் அரையிறுதியும் இதே மலேசியாவிடம் பின்தங்கி மீண்ட ஆட்டம்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர்களுக்குச் சொல்ல, ஒரு பெரிய திரையும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்திருக்கும்.

அரசு செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள் அனைவரின் பெயரும் ஆண்டும் அந்தந்த விளையாட்டின் அரங்கச் சுவரில் இருக்க வேண்டும். எழும்பூரில் பீட்டரும் பிலிப்ஸும் பாஸ்கரனும், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் கிருஷ்ணனும் என்று அவரவர் இடத்தில் எழுதி வைக்கலாம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை மின்னுருவாக்கிப் பொதுவில் வைக்கலாம். உடற்கல்வி ஆசிரியர்கள் வாரம் ஒரு வீரரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, மூத்த வீரர்களின் வீடுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போவது. 1975 வெற்றிக்கு அரை நூற்றாண்டு முடிந்துவிட்டது. அந்த அணியில் நம்மோடு இருப்பவர்களின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.